பெட்டிக்காரர் வரலாறு

நோர்வே என்று சொன்னால் இந்த நாட்டில் யாருக்கும் பியானோ ஞாபகம் வராது. எரிக் சொல்ஹைம்தான் ஞாபகம் வருவார். 2002 சமாதானப் பேச்சில் இலங்கை அரசு, புலிகள் என்ற இரண்டு தரப்புக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டு, கடைசியில் இரண்டு தரப்பிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டு கிளம்பியவர்கள் அந்த நாட்டுக்காரர்கள். பத்திரிகைகள் அவர்களுக்கு 'அனுசரணையாளர்' என்று பெயர் வைத்தன. பக்கத்தில் உட்கார்ந்து சுருதி கொடுப்பது, சண்டை வந்தால் சமாளிப்பது, நாடகம் படுத்துவிட்டால் பழியை ஏற்பது என்று அவர்கள் பார்த்த உத்தியோகத்தை நம்முடைய நாடகக் கொட்டகையில் ஒருவர் நூறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு யாரும் சமாதானப் பரிசு தரவில்லை. ஒரு சோடா கொடுத்தார்கள்.

அதே நோர்வேயில் ஏகில் மோன்-இவர்சன் என்று ஒரு பியானோக்காரர் இருந்தார். 1928 ஏப்ரலில் பிறந்தவர். ஜாஸ் வாசிக்கத் தொடங்கிய கை, பிறகு ஒஸ்லோவின் நாடக அரங்குகளுக்கு இசையைக் கட்டிக் கொடுத்தது, சினிமாவுக்குப் போட்டது, யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்குப் போய்க் குச்சியை ஆட்டியது. அந்த ஊர்க் கேளிக்கை உலகத்தில் அவரைக் கேட்காமல் ஒரு திரை ஏறாது என்ற நிலைமை. மேடையில் நிற்பவன் வாய் அசைக்கிறான்; மூலையில் உட்கார்ந்திருப்பவன் அவனையே அசைக்கிறான். மோன்-இவர்சனுக்கு அது தெரிந்திருந்தது. நல்ல சம்பளமும் கிடைத்தது. நம் ஆளுக்கும் தெரிந்திருந்தது. சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

நம் ஆளின் பியானோ, காலை வெட்டித் தரையில் உட்கார வைத்த பியானோ. 1840களில் பாரிஸில் அலெக்சாந்தர் டெபேன் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அது காலால் மிதிக்கிற சாமான், நாற்காலி வேண்டும். பாதிரிமார் அதைக் கப்பலேற்றிக் கிழக்கே கொண்டுவந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து பாடினால் நமக்குக் குரல் வருமா? கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் என்ற வியாபாரி பார்த்தார். மிதிகட்டையைக் கழற்றினார். துருத்தியைப் பெட்டியின் முதுகில் வைத்தார். ஒரு கை காற்றடிக்கட்டும், ஒரு கை வாசிக்கட்டும், ஆள் சம்மணம் போட்டு உட்காரட்டும் என்று முடிவு செய்தார்.

இந்த ஒரு முடிவில் நம் சரித்திரம் மாறிவிட்டது. ஜாஸ் பியானோக்காரனுக்கு இடது கையில்தான் பாதிப் பிழைப்பு. அடியில் சுரக்கூட்டங்களை அடுக்கி, தாளத்தைத் தூக்கி, வலது கையை ஊர்சுற்ற விடுவான். நம் ஆர்மோனியப் பெட்டிக்காரரின் இடது கை ஆயுள் முழுக்கக் காற்றடிக்கப் போய்விட்டது. மிச்சமிருந்த ஐந்து விரலை வைத்துக்கொண்டு அவர் ஒரு கொட்டகையையே கட்டி மேய்த்தார்.

எப்படி என்று கேட்டால் ஸ்பெஷல் நாடகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து. பபூன் எங்கிருந்து வந்தார் என்று அவருக்கே விடிந்துதான் தெரியும். ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணிக்கு மேடையில்தான் முதல் சந்திப்பு, விடிவதற்குள் கல்யாணம். 'வள்ளி திருமணம்' என்றால் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் வசனமும் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் ஒவ்வொருவருக்கும் மனப்பாடமானது கொஞ்சம் கொஞ்சம் வேறு. ஒருவர் பாட்டை ஒருவர் தாண்டிக் குதிப்பார். நாரதரும் வள்ளியும் தர்க்கத்தில் இறங்கினால் தத்துவம், இலக்கணம், சொந்த விரோதம் எல்லாம் வெளியே வரும். முருகன் திரைக்குப் பின்னால் வில்லைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருப்பார்.

இதையெல்லாம் மேடை ஓரத்தில் உட்கார்ந்த ஒருவர் காதால் பார்த்துக்கொண்டிருப்பார். வள்ளிக்கு வரி மறந்தால் முதல் சொல்லைத் தானே பாடி எடுத்துக் கொடுப்பார். அதற்குப் பின்பாட்டு என்று கௌரவமான பெயர். ராஜபார்ட் கைதட்டலில் மயங்கி ஒரே அடியைப் பதினைந்து தரம் திருப்பினால் அடுத்த பாட்டின் மெட்டை மெல்ல நுழைத்துவிடுவார். ராஜபார்ட்டுக்குப் புரிந்துவிடும்: பெட்டி அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டது, ஏறாவிட்டால் தெருவில் நிற்க வேண்டியதுதான். பபூன் விட்ட ஜோக் செத்து விழுந்தால் அதைத் தூக்கி எடுக்கும் வேலையும் பெட்டிக்காரருக்கே. பபூன் இவரைப் பார்த்து, "என்ன ஓய், பெட்டியில காத்துதான் இருக்கா, காசு ஏதும் இருக்கா?" என்பார். இவர் ஒரு 'பீப்' கொடுப்பார். கொட்டகை சிரிக்கும். டைரக்டர், நோட்டு வாத்தியார், நேரக்காப்பாளர், சமரசத் தூதுவர் என்று நாலு உத்தியோகம் ஒரு ஜமுக்காளத்தில்.

குரலை அளக்கும் கோலும் அவரிடம்தான் இருந்தது. சுந்தராம்பாள் ஐந்தரைக் கட்டை, இன்னார் நாலு கட்டை என்று நாம் பேசுகிற கட்டை பெட்டியின் கட்டைதான். வெள்ளைக்கு ஒன்று, இரண்டு, மூன்று. நடுவே வரும் கறுப்புக்கு அரை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்லாததால் மூன்றரைக் கட்டையில் பாடுகிறவன் உலகத்திலேயே கிடையாது. அப்படி ஒருவன் தன்னைப் பற்றிச் சொன்னால் அவனுக்குப் பாட்டும் தெரியாது, பெட்டியும் தெரியாது, பெண் கொடுக்காதீர்கள். ஒலிபெருக்கி வராத காலம். கடைசி வரிசையில் வெற்றிலை போடுகிறவனுக்கும் கேட்க வேண்டும் என்பதால் எல்லாரும் மேலே மேலே ஏறிப் பாடினார்கள். தொண்டை கட்டிய நாளில் அரைக் கட்டை இறக்கி, யாருக்கும் தெரியாமல் மானத்தைக் காப்பாற்றியது பெட்டிக்காரரின் விரல்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் பிறந்து 1922இல் மறைந்தவர். சனீஸ்வரன் வேஷம் போட்டு வந்தால் பெண்கள் மூர்ச்சையாவார்கள் என்று கதை சொல்வார்கள். மனிதர் ஒப்பனை இல்லாமலே அப்படித்தான் இருந்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். 1918இல் மதுரையில் பையன்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கினார். அதே காலத்தில், கடலுக்கு இந்தப் பக்கம், கொழும்பில் இன்னொருவர் இதே வேலையில் இருந்தார். அவரும் 1922இல்தான் மறைந்தார். பெயர் ஜோன் டி சில்வா. நம் கதையின் முதல் பெரிய பெட்டி, அதாவது முதல் பெரிய மறதி, அவர் வீட்டில்தான் நடந்தது.

ஜோன் டி சில்வா வாத்தியாராக இருந்து வக்கீலானவர். வெள்ளைக்காரன் போல உடுத்தி, வெள்ளைக்காரன் போல இருமுகிற சிங்களப் பெரிய மனிதர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அவர்களைக் கிண்டலடித்து நாடகமே போட்டார். அந்நியம் வேண்டாம், ஆரியம் வேண்டும், நம் சங்கீதம் வேண்டும் என்றார். சரி, நம் சங்கீதத்தை யார் போடுவது? பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் கம்பெனிகள் 'இந்தர் சபா'வைக் காட்டிக் கொழும்பை ஏற்கெனவே கிறுக்குப்பிடிக்க வைத்திருந்தன. ஆகவே நம் சங்கீதத்தைப் போட இந்தியாவிலிருந்து விஸ்வநாத் லவ்ஜி என்பவரை வரவழைத்தார்.

லவ்ஜிக்குச் சிங்களம் வராது. அது ஒரு தடையாகவே இருக்கவில்லை. இந்த இடத்தில் ராஜா அழுகிறான், இந்த இடத்தில் நகரத்தைப் பார்த்து மூவரும் வியக்கிறார்கள் என்று டி சில்வா சொல்வார். லவ்ஜி வட இந்திய ராகம் ஒன்றை எடுத்து மெட்டு நீட்டுவார். அதற்குள் டி சில்வா சிங்களச் சொற்களை மடித்து அடுக்குவார். அப்படி 1903இல் 'சிரிசங்கபோ' நாடகத்துக்குப் பிறந்த பாட்டுத்தான் 'தன்னோ புதுங்கே'. அனுராதபுரத்தைப் பார்த்துப் பாடுகிற பாட்டு. இந்த நாட்டில் பௌத்த பக்தியின் உச்சம் எது என்று கேட்டால் பலர் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்வார்கள். கண்ணைத் திறந்து மெட்டு யாருடையது என்று பார்த்தவர்கள் குறைவு.

லவ்ஜி வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார். பாட்டு தங்கிவிட்டது. நூறு வருஷம் தாண்டி, 2016 பெப்ரவரி 4ஆம் தேதி, காலிமுகத்திடலில் சுதந்திர தின விழா. கிஷானி ஜயசிங்க என்ற ஒபேரா பாடகி அந்தப் பாட்டை மேற்கத்தியக் குரலில் பாடினார். நாடு கொதித்தது. எங்கள் பாட்டை அந்நியமாக்கிவிட்டாள் என்று ஒரு தொலைக்காட்சி அவரைக் கேவலமாகக் கேலி செய்து, பிறகு மன்னிப்பும் கேட்டது. சண்டை சூடான பிறகுதான் யாரோ பழைய கணக்கைத் தூசி தட்டினார்கள்: மெட்டுப் போட்டவர் இந்தியர், ஒபேரா பாணியில் அதை முன்னமே ஹியூபர்ட் ராஜபக்ஷ பாடியிருக்கிறார். தேசியத்தின் பெட்டிக்குள் கையை விட்டால் எப்போதும் இப்படி யாராவது ஒரு லவ்ஜி உட்கார்ந்திருப்பார். அதற்காகவே பலர் கை விடுவதில்லை.

இதே டி சில்வா 1906இல் கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைப் பற்றியும் நாடகம் போட்டார். அந்த ராஜா நாயக்கர் வம்சம், பிறந்த பெயர் கண்ணசாமி, முடிந்தது வேலூர்க் கோட்டையில். கடைசி ராஜாவையும் அவர் பாட்டின் மெட்டையும் ஆக மொத்தம் அந்தப் பக்கத்திலிருந்துதான் இறக்கியிருக்கிறோம். ஆட்சேபனை ராஜாவுக்கு மட்டும்தான் வந்தது.

சிங்கள நாடகம் மருதானையில் டவர் ஹோல் கட்டி 1911இல் குடியேறியது. தமிழ் நாடகம் கொழும்பில் ஜிந்துப்பிட்டிப் பக்கம் கொட்டகை போட்டது. இந்தியக் கம்பெனிகளுக்கு இலங்கை நல்ல சந்தை: கடல் பயணம் ஒரு ராத்திரி, செட்டிமார் காசு, துறைமுகத்துக் கூட்டம், விடுமுறைக்கு மலையிலிருந்து இறங்கிவரும் பெரிய கங்காணிமார். 1926இல் இங்கேதான் அந்தச் சம்பவம் நடந்தது. கொடுமுடி சுந்தராம்பாள் கொழும்பில் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார், வயது பதினெட்டுக்குள். செங்கோட்டை கிட்டப்பா வந்து இறங்கினார், வயது இருபது. இரண்டு குரலையும் ஒரே மேடையில் மோதவிட்டுப் பார்க்கக் கொழும்பு ஆசைப்பட்டது. மோதவிட்டார்கள். அடுத்த வருஷம் இருவரும் மாயவரத்தில் மாலை மாற்றிக்கொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஊரில் ஒரு மனைவி இருந்ததைச் சரித்திரக்காரர்கள் ஒரு கனைப்போடு கடந்துபோவார்கள். நாமும் கனைத்துக்கொள்வோம்.

இந்தக் கதையைச் சொல்கிற எல்லாரும் இரண்டு பேரைப் பற்றித்தான் சொல்வார்கள். மேடை ஓரத்தில் மூன்றாமவர் ஒருவர் இருந்தார்: கிட்டப்பாவின் அண்ணன் காசி ஐயர், ஆர்மோனியம். தம்பி மேல்ஸ்தாயியில் ஏறி நின்று எங்கே இறங்குவது என்று தெரியாமல் ஜாலம் காட்டும்போது கீழே வலை விரித்தவர் அவர். தம்பி ஒரு பிருகாவை உதறினால் அதே பிருகாவைக் கட்டையில் பொறுக்கி எடுத்து ஜனங்களுக்குத் திருப்பிக் காட்டுவார். கமகமே வராது என்று பண்டிதர்கள் சபித்த பெட்டி. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கிற சுரத்தை அது தொட முடியாது என்பது உண்மைதான். காசி ஐயர் வேகத்தால் அந்த இடைவெளியை ஜனங்கள் காதிலிருந்து மறைத்தார். 1933இல் கிட்டப்பா இருபத்தேழு வயதில் போய்ச் சேர்ந்தார். சுந்தராம்பாள் வெள்ளைச் சேலைக்கு மாறி, அதற்குப் பிறகு எந்த ஆணோடும் ஜோடி சேராமல், ஒரு லட்ச ரூபாய் வாங்கிக்கொண்டு நந்தனாராகத் தானே ஆண் வேஷம் போட்டு, பிறகு ஔவையாராகவும் ஆனது எல்லாருக்கும் தெரியும். காசி ஐயர் என்ன ஆனார் என்று பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பேரும் "காசியிலா?" என்பார்கள்.

இனி தேயிலை மலைக்கு ஏறுவோம். கந்தப்பளை ஆறாயிரம் அடிக்கு மேலே. நானுஓயாவில் பெரிய ரயிலை விட்டு இறங்கி, இரண்டரை அடி அகல ரயிலில் நுவரெலியா வழியாக ஏறினால் கந்தப்பளை, அப்பால் இராகலை. அந்தக் குட்டி ரயிலை 1940களில் பிடுங்கிவிட்டார்கள். அது இருந்த காலத்தில் மேலே போனது உரமும் அரிசியும், கீழே போனது தேயிலை. துரைமாருக்கு வேண்டியது தனியாகப் போனது. அதில் விஸ்கி முதலிடம். சங்கீதம் பின்னால்.

துரை பங்களா என்றால் ஒரு பியானோ இருக்க வேண்டும் என்பது சாஸ்திரம்; வாசிக்கத் தெரிய வேண்டும் என்பது சாஸ்திரத்தில் இல்லை. இந்த மலை பியானோவுக்கு ஆகாது. பனியும் மழையும் மரத்தை ஊதவைக்கும், கம்பியைத் துருப்பிடிக்கவைக்கும். அமுக்கிய கட்டை எழும்பாது. கிளப்பில் சனிக்கிழமை ராத்திரி அதில் நாட்டியப் பாட்டு வாசிப்பார்கள். எல்லாரும் நன்றாகக் குடித்திருந்ததால் ஓசை பற்றி முறைப்பாடு எழவில்லை. நல்ல ஜாஸ் வேண்டியவர் கீழே இறங்க வேண்டும். 1937இல் கிரிக்கெட் ஸ்மித் என்ற அமெரிக்கக் கறுப்பினக் கலைஞரின் குழு இலங்கைக்கு வந்தது. பெயரைப் பார்த்து மட்டை தூக்கிவந்தார் என்று நினைக்க வேண்டாம், எக்காளக்காரர். அந்தக் குழுவின் தலைமையை எடுத்துக்கொண்ட பியானோக்காரர் டெடி வெதர்போர்ட். சிகாகோவில் பெயர் வாங்கி, ஷங்காய், பம்பாய் என்று கப்பல் கப்பலாக ஏறி இறங்கியவர். சொந்த நாட்டில் முன்வாசலால் விடாத மாதிரியான ஹோட்டல்களில், ஆசியாவில் கோட்டுப் போட்டுக் குழுவை நடத்தினார். கடைசியில் கல்கத்தாவில் தங்கி 1945இல் காலராவில் இறந்தார். இந்தக் காலராவை நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.

பங்களாவுக்குக் கீழே தொழிலாளர் லயம். லயத்தில் பெட்டி அபூர்வம். அங்கே வாத்தியம் தப்பு. விடியற்காலையில் வேலைப் பெரட்டுக்கு ஆள் எழுப்பவும் அது, சாவுக்கும் அது, சாமிக்கும் அது. மாசியில் காமன் கம்பம் ஊன்றினால் கூத்துக்கும் அதுதான். மன்மதன் ஈசன்மேல் அம்பு விட்டு எரிந்துபோகும் கதை. ரதியாக வருகிறவர் மீசையை எடுத்த கவ்வாத்துக்காரராக இருப்பார். அழ ஆரம்பித்தால் பெண்கள் தோற்பார்கள். ஈசன் நெற்றிக்கண்ணைத் திறக்கிறபோது பனி இறங்கி எதிர் லயம் தெரியாது. இந்தக் குளிரில் தப்பின் தோல் நமுத்துத் தொய்ந்துவிடும்; அடித்தால் ஈரச் சாக்கை அடித்த சத்தம். ஆகவே காட்சிக்குக் காட்சி மூலையில் புல்லைக் கொளுத்தி, தப்பை அனலில் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, 'டண்' என்ற பிறகுதான் மன்மதன் உள்ளே வருவார். துரையின் பியானோவுக்குச் சுருதி சேர்க்கக் கொழும்பிலிருந்து ஆள் வர வேண்டும். தப்புக்கு ஒரு தீக்குச்சி. இரண்டையும் ஒரே ராத்திரியில் கேட்ட பனி, பியானோவைத்தான் முதலில் தின்றது.

கூத்துக்கு வெளியிலும் ஒரு நாடகம் ஓடியது. தொழிற்சங்கக்காரரைத் தோட்டத்துக்குள் விடக்கூடாது என்று துரைமார் உத்தரவு. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேஷம் போட்டு, மூட்டை தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அவர் மனைவி மீனாட்சி அம்மையார் தொழிலாளர் துயரத்தைப் பாட்டாகக் கட்டிக் கூட்ட மேடைகளில் பாடினார். 1940இல் அதைச் சிறு புத்தகமாகவும் போட்டார். ராஜபார்ட், ஸ்திரீபார்ட் இரண்டும் ஒரே குடும்பத்தில் அமைந்த கம்பெனி. கொட்டகை வாடகை கிடையாது. வசூலுக்குப் பதில் பொலிஸ் வந்தது.

அதே 1940, பெட்டிக்கு ஏழரைச் சனி. வில்லன் ஓர் ஆங்கிலேயர், ஜோன் ஃபோல்ட்ஸ். முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக லண்டன் ஆல்பர்ட் மண்டபம் நிறைய ஆட்களை ஏற்றி இசை படைத்த ஆள். 1935இல் இந்தியா வந்து, டில்லி வானொலியில் மேற்கத்திய இசைக்குத் தலைவரானார். வந்தவர் வீணையையும் சாரங்கியையும் கேட்டு உருகினார். பெட்டியைக் கேட்டு எரிந்தார். இந்தியச் சுருதிகளை இந்தப் பன்னிரண்டு கட்டை நசுக்குகிறது என்று 1938இல் எழுதினார். ஐரோப்பா செய்து அனுப்பிய சாமான் இந்தியாவைக் கெடுக்கிறது என்று ஐரோப்பியரே வந்து சொன்னால் நாம் விடுவோமா? தாகூரும் ஆமோதித்தார். அவர் வீட்டில் அண்ணன் ஜோதிரிந்திரநாத் பெட்டி வாசிக்கத்தான் தம்பி வளர்ந்தார் என்பது வேறு விஷயம். 1940 மார்ச் 1ஆம் தேதி முதல் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை. தடையைப் பார்க்க ஃபோல்ட்ஸ் இல்லை. 1939 ஏப்ரலில் கல்கத்தாவில் காலராவில் போய்விட்டார். பெட்டியை வெறுத்தவரையும் பியானோவை நேசித்தவரையும் ஆறு வருஷ இடைவெளியில் ஒரே ஊர்த் தண்ணீர் ஒரே மாதத்தில் எடுத்துக்கொண்டது. கிருமிக்கு ரசனை கிடையாது.

வெள்ளைக்காரன் போனதும் தடை போகும் என்று நினைத்தார்கள் பெட்டிக்காரர்கள். வந்தவர் பி. வி. கேஸ்கர். 1952இல் தகவல் ஒலிபரப்பு மந்திரியாகி, பெட்டி மட்டுமா, சினிமாப் பாட்டே வேண்டாம் என்றார். சுத்த சங்கீதத்தைக் கேட்டு ஜனங்கள் திருந்தட்டும் என்பது திட்டம். ஜனங்கள் திருகாணியைத் திருகினார்கள். யுத்த காலத்தில் விட்டுப்போன பலமான ஒலிபரப்புக் கருவியை வைத்துக்கொண்டு ரேடியோ சிலோன் காத்திருந்தது. 1952 டிசம்பரில் அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' தொடங்கி வட இந்தியாவே கொழும்புப் பக்கம் காது சாய்த்தது. தெற்கே அதே நிலையத்தின் தமிழ் அறிவிப்பாளர் மயில்வாகனம் இருந்தார். சென்னையில் பதிவான பாட்டு இசைத்தட்டாகக் கொழும்புக்கு வந்து, காற்றில் ஏறி, மதுரைக் காப்பிக் கடைக்குத் திரும்பிப் போய்ச் சேர்ந்தது. இந்தியாவின் தேசபக்தியில் இலங்கைக்கு இவ்வளவு லாபம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்தப் பாட்டுகளை எல்லாம் போட்டது யார்? வானொலி துரத்திய அதே பெட்டிதான். ஸ்பெஷல் நாடகம் சினிமாவானபோது பெட்டிக்காரர்கள் ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனார்கள். ஜி. ராமநாதன் ஹரிகதைக்குப் பெட்டி வாசித்து வந்தவர். 1928 ஜூனில், நோர்வேக்காரர் பிறந்த இரண்டே மாதத்தில், பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் பிறந்த எம். எஸ். விஸ்வநாதன் கோயம்புத்தூரில் ஜூபிடர் கம்பெனிக்கு எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். சங்கீத அறையில் எஸ். எம். சுப்பையா நாயுடு. 'அபிமன்யு' படத்துப் பாட்டு ஒன்றுக்கு மெட்டுச் சரியாக விழவில்லை. நாயுடு வெளியே போனார். பையன் பெட்டியை இழுத்து வைத்துத் தானாக ஒன்றை வாசித்தான். வாசலில் நின்று கேட்ட நாயுடு அந்த மெட்டையே போட்டார். போட்டுவிட்டு, பையன் போட்ட மெட்டு என்று தெரிந்தால் நிராகரித்துவிடுவார்கள், வாயைத் திறக்காதே என்றார். படம் 1948இல் வந்தது. பாட்டு ஓடியது. பெயர் நாயுடுவுக்கு. ஆனால் இந்தக் கதையில் ஓர் அதிசயம் உண்டு. பிற்காலத்தில் கம்பெனி சென்னைக்குப் போகிற நேரத்தில் நாயுடு தாமாகவே முதலாளிகளிடம் உண்மையைச் சொல்லி, இவனைக் கூட்டிப்போங்கள் என்றார். மெட்டைத் திருப்பிக் கொடுத்தவர் என்று இந்தக் கட்டுரையில் வருகிற ஒரே ஆள் அவர்தான். விஸ்வநாதன் கடைசிவரை பெட்டியை மடியில் வைத்துத்தான் மெட்டுப் போட்டார். படத்தில் பணக்கார வீட்டு ஹீரோ கோட்டுப் போட்டுப் பியானோ முன் உட்கார்ந்து, சத்தம் வராத இடத்தில் விரலை ஓட்டுவார். அவர் முகத்துக்கு எல்லாரும் விசிலடித்தார்கள்.

இந்தப் பக்கத்துச் சினிமாவும் வேறு விதமாக நடக்கவில்லை. முதல் சிங்களப் பேசும்படம் 'கடவுனு பொரொந்துவ', 1947 ஜனவரி. தயாரித்தவர் எஸ். எம். நாயகம், தமிழர். எடுத்த இடம் மதுரை. கதை நீர்கொழும்பு மினர்வா நாடகக் குழுவினுடையது. கதாநாயகி ருக்மணி தேவி. அவர் பிறந்தது எங்கள் நுவரெலியா மாவட்டத்து றம்பொடையில், 1923இல். வைத்த பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ். கொழும்புச் செட்டிக் குடும்பம். ராசம்மாவைச் சிங்கள சினிமாவின் ராணி என்று முடிசூட்டினார்கள், நியாயமான முடிதான். படம் வந்த அடுத்த வருஷம், 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் போட்டு, றம்பொடையிலும் கந்தப்பளையிலும் கொழுந்து பறித்த ராசம்மாக்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பாடத் தெரியாதது அவர்கள் பிழை.

நாயகத்தின் கையைப் பிடித்து நாகர்கோவிலிலிருந்து வந்தவர் ஆர். முத்துசாமி. லவ்ஜி வந்த அதே வழி, அதே வேலை, ஐம்பது வருஷம் பிந்தி. வித்தியாசம், இவர் திரும்பிப் போகவில்லை. சிங்களப் படத்துக்குப் படம் மெட்டுப் போட்டு, வானொலியில் வாத்தியக் குழுவை நடத்தி, 1988இல் இங்கேயே முடிந்தார். இன்றும் கந்தப்பளைச் சந்தியில் பஸ் கிளம்புமுன் டிரைவர் பழைய சிங்களப் பாட்டைத் தட்டிவிட்டால் அதில் முத்துசாமி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. டிரைவர் பாடகர் பெயரைச் சொல்வார். கொண்டக்டர் ஹீரோ பெயரைச் சொல்வார். அதற்குமேல் கேட்டால் ஹோர்ன் அடிப்பார்கள்.

இந்தியாவில் பெட்டியின் வனவாசம் ராமரின் வனவாசத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே ஓடியது. 1970இல் பண்டிதர்களைக் கூட்டிக் கருத்தரங்கு வைத்தார்கள். கமகம், சுருதி, நாகரிகம் என்று பேசி முடித்து, 1971இல் தடையைத் தளர்த்தினார்கள். முழுக்க இல்லை. மேல் தரக் கலைஞருக்குப் பக்கவாத்தியமாக வாசிக்கலாம் என்றார்கள். தனியாக உட்கார்ந்து கச்சேரி பண்ணக்கூடாது என்றார்கள். ஆக முப்பத்தொரு வருஷம் யோசித்து அரசாங்கம் பெட்டிக்காரரை உட்காரச் சொன்ன இடம், காசி ஐயர் 1926இல் கொழும்பில் உட்கார்ந்திருந்த அதே மூலை.